‘படம் நல்லா வந்திருக்கு’ என்பதை எப்படி அளப்பது?

கான்ட்ராஸ்ட் என்ற சொல்லுக்கு ஸ்கேன் அறையில் இரண்டு பொருள் உண்டு. “அம்மா, கான்ட்ராஸ்ட் போடப் போறோம், உடம்பெல்லாம் சூடு பரவுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க” என்று தமிழ் தெரிந்த ரேடியோகிராஃபர் சொன்னால் அது நரம்பில் ஏற்றும் அயோடின் மருந்து. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரையைப் பார்த்தபடி இன்னொருவர் “கான்ட்ராஸ்ட் பத்தலையே” என்றால், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு திசுக்கள் போதிய அளவு வேறுபட்ட சாம்பல் நிறத்தில் விழவில்லை என்று பொருள். அந்த வேறுபாட்டைக் கூட்டத்தான் மருந்தே போடுகிறோம் என்பதால் இரண்டும் உறவுக்காரச் சொற்கள். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது: வேறுபாட்டை எப்படி அளப்பது, அளந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது.

சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் கதிர்ப்படத் துறை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் ரேடியோகிராஃபர்களும் இந்தக் கணக்குகளை ஆங்கிலத்தில் அறிவார்கள். தாய்மொழியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எங்கே புரியாமல் மனப்பாடம் செய்திருக்கிறோம் என்பது பிடிபடும்.

முதலில் ஒரு விஷயம். ‘படம் நல்லா வந்திருக்கு’ என்ற கண் தீர்ப்பு ஏன் போதாது? கருவி ஒரே நாளில் கெடுவதில்லை. எக்ஸ்ரே குழாய் மூப்படைவதும், கதிரைப் பிடித்துப் படமாக்கும் டிடெக்டரின் சீரமைப்பு நகர்வதும், திரையின் ஒளி மங்குவதும் மாதக்கணக்கில் நடப்பவை. கண் அதனோடு சேர்ந்தே பழகிவிடும். போதாக்குறைக்கு, இன்றைய டிஜிட்டல் கருவி எதைக் கொடுத்தாலும் அதைப் பளிச்சென்று ஆக்கித்தான் திரையில் காட்டும். கதிர் பாதியாகக் குறைந்தாலும் கறுப்பும் வெள்ளையும் அழகாகவே இருக்கும். குருணை மட்டும் கூடியிருக்கும்; அதைத்தான் இரைச்சல் என்கிறோம். ஆகவே பளிச்சென்று இருப்பது தரத்தின் அடையாளம் அல்ல. தேடும் பொருளின் வேறுபாடு, அதைச் சூழ்ந்த இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதையும் தேடும் பொருளின் அளவிலேயே கேட்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் வேறுபாடு தொலையும் இடங்கள்

வேலை அனுமதிக்காக வரும் வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். தேடுவது முக்கியமாகக் காசநோய். அது அதிகம் ஒளிந்துகொள்ளும் இடம் நுரையீரலின் உச்சி, காறை எலும்புக்குப் பின்னால். நெஞ்சுப் படத்துக்கு 110 முதல் 125 கேவி (கிலோவோல்ட்) வரை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மின்னழுத்தம் ஏற ஏற எலும்புக்கும் மென்திசுவுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கும். வேறுபாட்டை வேண்டுமென்றே குறைத்து, விலா எலும்பின் ஊடாக நுரையீரலைப் பார்க்க விடுகிறோம். அதிக கான்ட்ராஸ்ட் எப்போதும் நல்லது என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

வேறுபாட்டைத் தின்னும் பெரிய எதிரி சிதறல் கதிர். நேராக வந்த கதிரைப் போல எத்தனை மடங்கு சிதறல் வந்து சேர்கிறதோ, அதோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் கான்ட்ராஸ்டை வகுக்க வேண்டும். தடித்த வயிற்றில் சிதறல் 4 மடங்கு என்று வைத்தால், மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு. கிரிட் (சிதறல் கதிரைத் தடுக்க டிடெக்டருக்கு முன் வைக்கும் ஈயப் பட்டைச் சட்டம்) வைத்து அதை 1 மடங்காக இறக்கினால் பாதி மிஞ்சும். ஆனால் கிரிட் நேர்க்கதிரிலும் கொஞ்சத்தை விழுங்கும். அதை ஈடுகட்ட எம்ஏஎஸ் (குழாய் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) ஏற்ற வேண்டும். வார்டில் படுக்கையோடு எடுக்கும் நெஞ்சுப் படத்தில் கிரிட் சற்றே சாய்ந்தால் ஒரு பக்க நுரையீரல் முழுக்க வெளிறிப்போகும். அதை நுரையீரல் நீர் என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. இரு பக்கமும் தோள் மென்திசுவின் அடர்த்தியை ஒப்பிடுங்கள்: நுரையீரலோடு தோளும் சேர்ந்து வெளிறியிருந்தால் குற்றம் கிரிட்டின் மேல்.

நம் ஆட்களுக்கென்றே சில தடைகள் இருக்கின்றன. இறுகப் பின்னிய ஈரச் சடை தோளின் மேல் விழுந்திருந்தால் நுரையீரல் உச்சியில் நிழல் விழும், காசநோய்த் திட்டு போலவே. கழுத்துத் தாயத்தையும் தாலிக்கொடியையும் கழற்றத் தயங்குவார்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். கழற்ற விரும்பாதவருக்குக் கொடியைப் பார்க்க வேண்டிய பகுதியிலிருந்து நகர்த்தி வைத்தால் போதும். மூச்சும் அப்படித்தான். “நல்லா மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, விடாதீங்க” என்று அவர் மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எடுப்பது, எந்த மென்பொருளும் திருத்த முடியாத அசைவு மங்கலைத் தடுக்கிறது.

டிடெக்டருக்குப் போதிய கதிர் வந்ததா என்று பார்க்க சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62494-1 தரநிலை ஓர் எண்ணைத் தந்திருக்கிறது: விலகல் குறியீடு. இலக்கோடு ஒத்துப்போனால் 0. இரு மடங்கு கதிர் போயிருந்தால் +3, பாதி போயிருந்தால் −3. மடக்கைக் கணக்கு என்பதால் +1 என்றாலே கால் பங்குக்கு மேல் அதிகம். தனித்தனிப் படத்தின் எண்ணைவிட, ஒரு மாதத்து நெஞ்சுப் படங்களை எல்லாம் சேர்த்து நடு எண்ணைப் பார்ப்பது பயன் தரும். அது மாதாமாதம் +0.5, +1, +1.5 என்று ஏறினால், குருணை வரக்கூடாதே என்ற பயத்தில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடுதல் கதிர் போன படத்தை யாரும் குறை சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பழக்கம் கண்ணில் படாமல் வளர்கிறது.

சிடியில் ஒரு முழுக் கணக்கு

சிடி ஸ்கேனில் எண்கள் நேராகப் பேசும். ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற அலகில் தண்ணீர் 0, காற்று −1000, கொழுப்பு −100 அருகே. மூளையின் சாம்பல் திசுவுக்கும் வெண் திசுவுக்கும் இடையே இருப்பது சுமார் 8 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுதான். பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில் மறையத் தொடங்குவது இந்த 8 அலகே. திரையில் 256 சாம்பல் படிகள் இருப்பதாக வைப்போம். விண்டோ அகலம், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை திரையில் விரிக்கும் எண் வீச்சு, 400 வைத்தால் இந்த 8 அலகுக்குக் கிடைப்பது 5 படி. 80 வைத்தால் 26 படி. படம் அதே படம்தான், தகவலும் அதேதான். வேறுபாட்டைக் கண்ணுக்கு விரித்துக் கொடுக்கிறோம். ஆனால் இரைச்சலும் அதே விகிதத்தில் விரியும். ஆகவே விண்டோவை மாற்றி கான்ட்ராஸ்ட் கூடிவிட்டது என்று சொல்வதில் பொருளில்லை. வேறுபாட்டை இரைச்சலால் வகுத்து வரும் விகிதம் விண்டோவை எப்படித் திருப்பினாலும் மாறாது. அந்த விகிதத்தைத்தான் அளக்க வேண்டும்.

அளக்க ஒரு ஃபேன்டம் வேண்டும். உடலுக்குப் பதிலாக வைக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்த உருளை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் சிடி ஃபேன்டம் பரவலாகப் பயன்படுகிறது: 20 செ.மீ. குறுக்களவு, தலா 4 செ.மீ. நீளமுள்ள நான்கு பகுதிகள். முதல் பகுதியில் பாலிஎத்திலீன், அக்ரிலிக், எலும்புக்கு ஒப்பான பொருள் என்று எண் சரிபார்க்கும் உருளைகள். மூன்றாவது பகுதி சீரான தன்மைக்கு. நான்காவதில் கூர்மையைச் சோதிக்கச் செ.மீ.-க்கு 4 முதல் 12 கோட்டுச் சோடி வரை. நமக்கு வேண்டியது இரண்டாவது பகுதி: பின்னணியைவிட 6 அலகு மட்டுமே வேறுபட்ட ஒரு 25 மி.மீ. உருளையும், 6, 5, 4, 3, 2 மி.மீ. என்று சிறுத்துக்கொண்டே போகும் தண்டுகளும்.

வேலை செய்யும் முறை இது. ஃபேன்டத்தின் மேல் தலைப் பக்கம், கால் பக்கம், மேல் பக்கம் எது என்று குறித்திருக்கும், அதன்படியே வையுங்கள். லேசர் கோடுகளை முதல் பகுதியின் நடுக்கோட்டோடு மூன்று திசையிலும் பொருத்துங்கள். முதல் பகுதியிலும் நான்காவது பகுதியிலும் நுண்ணிய எஃகு மணிகள் பதித்திருக்கும். இரு முனையிலும் அவை நான்கும் ஒருசேரத் தெரிந்தால் ஃபேன்டம் சாயாமல் இருக்கிறது. பிறகு, நோயாளிக்கு எடுக்கும் அதே வயிற்று புரோட்டோகாலில் (ஸ்கேன் அமைப்பில்) ஸ்கேன் செய்யுங்கள். ஃபேன்டத்துக்கென்று தனியாக ஒரு நல்ல அமைப்பை வைத்துக்கொண்டு அதில் தேர்ச்சி பெறுவது யாருக்கும் உதவாது. இரண்டாவது பகுதியை விண்டோ அகலம் 100, மையம் 100 வைத்துப் பாருங்கள். 25 மி.மீ. உருளைக்குள் சுமார் 100 சதுர மி.மீ. வட்டம் ஒன்று, அதற்குப் பக்கத்துப் பின்னணியில் அதே அளவு வட்டம் ஒன்று.

எடுத்துக்காட்டாக உருளையின் சராசரி 95.8, பின்னணியின் சராசரி 90.1, பின்னணியின் திட்ட விலக்கம் (இரைச்சலின் அளவு) 4.6 என்று வந்தால், வித்தியாசம் 5.7, அதை 4.6-ஆல் வகுத்தால் 1.24. பெரியவர்களின் தலைக்கும் வயிற்றுக்கும் இந்த விகிதம் குறைந்தது 1.0 இருக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் அங்கீகாரத் திட்டத்தின் நிபந்தனை. குழந்தைகளின் தலைக்கு 0.7, வயிற்றுக்கு 0.4. குழந்தைகளுக்கு எல்லை தாழ்ந்திருப்பதற்குக் காரணம் கருணையல்ல, கதிர்க் கட்டுப்பாடு: இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் சரி, கதிர் குறையட்டும்.

விகிதம் விழுந்தால் பதறி எம்ஏஎஸ்-ஐ ஏற்ற வேண்டாம். இரைச்சல் கதிரின் வர்க்கமூலத்துக்கு எதிர்த்திசையில் போகும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் கொடுக்க வேண்டும். மிக மோசமான பேரம். முதலில் ஸ்லைஸ் (படத் துண்டு) தடிமனைப் பாருங்கள். 5 மி.மீ. இருந்ததை யாராவது 1.25 மி.மீ. ஆக்கியிருந்தால் இரைச்சல் இரு மடங்கு ஏறி, விகிதம் பாதியாகியிருக்கும். அடுத்து கெர்னல், அதாவது படத்தை மறுஆக்கம் செய்யும்போது கூர்மையைத் தீர்மானிக்கும் வடிகட்டி: எலும்புக்கான கூர்மைக் கெர்னலில் மறுஆக்கம் செய்திருந்தால் எண் கந்தலாகத்தான் வரும். அடுத்து மேசையின் உயரம். பௌ-டை (bow-tie) என்ற கதிர் வடிகட்டி, உடல் வளையத்தின் நடுவில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. 3 செ.மீ. தாழ்ந்தாலே தடித்த நடுப்பகுதிக்குப் போக வேண்டிய கதிர் வேறெங்கோ போய், இரைச்சல் ஒரு பக்கம் குவியும். நோயாளிக்கும் இதே கதிதான். தானியங்கி மின்னோட்டக் கட்டுப்பாடு முன்னோட்டப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பதால், குழாய்க்குக் கிட்டே நகர்ந்த உடல் பெரிதாகத் தெரிந்து, கதிர் தேவையின்றி ஏறும். கதிரைக் குறைக்க இருக்கும் வழிகளில் காசு செலவில்லாதது, ஆளை நடுவில் படுக்கவைப்பது.

அயோடின் மருந்து போட்ட படங்களில் கேவி-யைக் கவனியுங்கள். அயோடின் கதிரை அதிகம் பிடித்துக்கொள்ளத் தொடங்கும் இடம் 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கேவி இறங்க இறங்கக் கதிரின் சராசரி ஆற்றல் அதை நெருங்கும். 120-லிருந்து 80-க்கு இறக்கினால் அதே அளவு மருந்துக்கு வேறுபாடு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். இரைச்சலும் கூடும். ஒல்லியான உடம்பில் வேறுபாட்டின் ஏற்றம் வெல்லும், பருத்த உடம்பில் இரைச்சல் வெல்லும். எங்கே மாறுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை; வெவ்வேறு பருமனுள்ள ஃபேன்டத்தில் அயோடின் குப்பி வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

சிறியது எப்போது தெரியும்?

இதுவரை சொன்ன விகிதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 25 மி.மீ. உருளைக்கும் 3 மி.மீ. தண்டுக்கும் அது ஒரே எண்ணைத்தான் தரும். கண்ணுக்கோ முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. சிராங்கூன் சாலையில் மழை தூறும்போது எதிர்ச்சாரி நகைக்கடையின் பெயர்ப் பலகையைப் படித்துவிடலாம்; அதே நிறத்தில், அதே தூரத்தில் தூணில் ஒட்டிய ‘அறை வாடகைக்கு’ சீட்டைப் படிக்க முடியாது. தூறல் இரண்டின் மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது.

இதைக் கணக்காக எழுதியவர் ஆல்பர்ட் ரோஸ், 1948-இல். ஒரு பொருள் எத்தனை படப்புள்ளிகளை மூடுகிறதோ அதன் வர்க்கமூலத்தால், ஒரு புள்ளிக்கான விகிதத்தைப் பெருக்குங்கள். வரும் எண் 5-ஐ ஒட்டி இருந்தால் நம்பிக்கையாகக் காணலாம். விகிதம் 0.5 என்று வைப்போம். 100 புள்ளிகளை மூடும் கட்டிக்கு 0.5 பெருக்கல் 10, அதாவது 5, தெரியும். 25 புள்ளிக் கட்டிக்கு 2.5, ஒருவர் காண்பார், ஒருவர் தவறவிடுவார். 9 புள்ளிக் கட்டிக்கு 1.5, காணவே முடியாது. எனவே பொருள் பாதி அகலமானால், தெரிவதற்கு இரு மடங்கு கான்ட்ராஸ்ட் வேண்டும். மருத்துவப் படத்தின் தரத்தைப் பற்றி ஒரே ஒரு வரியை மனத்தில் வைக்கச் சொன்னால் இந்த வரியைத்தான் சொல்லத் தோன்றும்.

கான்ட்ராஸ்ட்-டீட்டெய்ல் ஃபேன்டங்கள் எல்லாம் இந்த வரியைச் சோதிப்பவையே. சிடிராட் என்பது 265 மி.மீ. சதுர அக்ரிலிக் பலகை. 225 கட்டங்கள், ஒரு திசையில் துளையின் குறுக்களவும் மறு திசையில் ஆழமும் 0.3-லிருந்து 8 மி.மீ. வரை மாறும். அதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. பெரும்பாலான கட்டங்களில் நடுவில் ஒரு துளை, ஏதாவது ஒரு மூலையில் இன்னொரு துளை. பார்ப்பவர் ‘தெரிகிறது’ என்று சொன்னால் போதாது, எந்த மூலை என்றும் சொல்ல வேண்டும். ஒரே ஃபேன்டத்தை வருடக்கணக்கில் பார்ப்பவருக்கு எங்கே என்ன இருக்கும் என்பது பாடமாகிவிடும். தெரியாததையும் கண் வரைந்துகொள்ளும். இந்த ஆசைக் கண்ணைக் கட்டிப்போட மூலைக் கேள்வி உதவுகிறது. மூலைகளும் மனப்பாடமாகும் என்பதால் பலகையைத் திருப்பி வைத்தும், கணினியைப் படிக்கவைத்தும் பார்ப்பது நல்லது.

மார்பக எக்ஸ்ரேயில் இது உயிர் விஷயம். பிரெஸ்ட்ஸ்க்ரீன் சிங்கப்பூர் 2002-இல் தொடங்கியது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து எடுத்துக்கொள்ளலாம், பலதுறை மருந்தகங்களிலும் எடுக்கிறார்கள். தேடுவதில் மிகச் சிறியது சுண்ணாம்புத் துகள், மிக மங்கலானது சுரப்பித் திசுவுக்குள் இருக்கும் கட்டி. ஆசியப் பெண்களிடம் அடர்ந்த மார்பகம் அதிகம். அடர்ந்த திசுவுக்கும் கட்டிக்கும் உள்ள கதிர் வேறுபாடோ மிகக் குறைவு. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் பழைய மார்பக அங்கீகார ஃபேன்டத்தில் 6 நார், 5 துகள் கூட்டம், 5 கட்டி இருக்கும். குறைந்தது 4 நார், 3 கூட்டம், 3 கட்டி தெரிந்தால் தேர்ச்சி. மூன்றாவது கூட்டத்தின் துகள் 0.32 மி.மீ. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்தத் தேர்ச்சி சொல்வதில்லை. ஐரோப்பிய நெறிமுறையின் சிடிமாம் ஃபேன்டம் இன்னும் கண்டிப்பானது: தங்கத் தகட்டு வட்டங்கள். 1 மி.மீ. அகல வட்டம் 0.091 மைக்ரோமீட்டர் தடிமனில் தெரிய வேண்டும்; 0.1 மி.மீ. வட்டத்துக்கு எல்லை 1.68 மைக்ரோமீட்டர். அகலம் பத்தில் ஒன்றாகும்போது தடிமன் எல்லை பத்து மடங்கைத் தாண்டி ஏறுகிறதே, ஏன்? ரோஸ் கணக்குப்படி பத்து மடங்குதான். மிச்சம், டிடெக்டரின் மங்கல் சிறிய வட்டத்தின் வேறுபாட்டைக் கரைத்துவிடுவதால் வருவது.

மார்பகப் படம் எடுக்க வருபவர்கள் அன்று டியோடரன்ட், பவுடர் போடாமல் வர வேண்டும் என்பதற்கும் காரணம் இதே. அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புத் துகள் போலவே விழும்.

இரைச்சலை வழித்தெடுத்தால் என்ன ஆகும்?

ரோஸ் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒரு புள்ளியின் இரைச்சலுக்கும் பக்கத்துப் புள்ளியின் இரைச்சலுக்கும் சம்பந்தமில்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் பல புள்ளிகளைச் சேர்க்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். இப்போதைய சிடி கருவிகளின் இட்டரேட்டிவ் (திரும்பத் திரும்பத் திருத்தும்) மறுஆக்கமும் ஏஐ இரைச்சல் நீக்கமும் இந்த நிபந்தனையை மீறுகின்றன. திட்ட விலக்கம் 12-லிருந்து 6-க்கு இறங்கியது என்றால், கான்ட்ராஸ்ட்-இரைச்சல் விகிதம் இரு மடங்கு ஆனதாகக் காகிதம் காட்டும். ஆனால் போன இரைச்சல் பெரும்பாலும் நுண் குருணை. மிஞ்சியது பெரிய பெரிய திட்டு, கட்டியின் அளவிலேயே. படம் மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். கல்லீரலில் 5 மி.மீ. மங்கல் புள்ளி அந்தத் திட்டுகளுக்குள் கலந்து காணாமல் போகும். கதிரை நன்றாகக் குறைத்துவிட்டு, ‘எண் அப்படியேதான் இருக்கிறது’ என்று மகிழ்வது இங்கேதான் தவறாகிறது.

அளக்க வேண்டியது இரைச்சலின் அளவோடு அதன் நெசவையும். சீரான பகுதியை ஒரே அமைப்பில் இருமுறை ஸ்கேன் செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். நிலையான நிழல்கள் போய்விடும், இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதைப் பல சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஃபூரியே மாற்றம் செய்து (அதிர்வெண்களாகப் பிரித்து), வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, கழித்ததால் வந்த இரட்டிப்பை 2-ஆல் வகுத்துச் சரிசெய்தால் கிடைப்பது இரைச்சல் ஆற்றல் நிறமாலை. அதன் உச்சி எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய மறுஆக்கத்தில் உச்சி இடப்பக்கம், அதாவது குறைந்த அதிர்வெண்ணுக்கு, நகர்ந்திருந்தால் குருணை திட்டாகியிருக்கிறது. கூர்மையும் இப்போது ஒற்றை எண் அல்ல: எலும்பு விளிம்பில் கூர்மையாகவும், 6 அலகு வேறுபாடுள்ள விளிம்பில் மழுங்கலாகவும் ஒரே படத்திலேயே இருக்கும். ஆகவே கூர்மையையும் தேடும் பொருளின் வேறுபாட்டிலேயே அளக்க வேண்டும்.

இரைச்சலின் அளவு, நெசவு, கூர்மை மூன்றையும் சேர்த்து, ‘இந்த அளவு, இந்த வேறுபாடு கொண்ட கட்டி தெரியுமா?’ என்று ஒரே எண்ணாகத் தருவது கண்டறிதல் குறியீடு. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் பணிக்குழு 233, 2019-இல் இதற்கான வழிமுறையை விரிவாகத் தந்திருக்கிறது. குறியீடு 2 என்றால், இரண்டு படங்களில் எதில் கட்டி இருக்கிறது என்று கேட்டால் 100-க்கு 92 தடவை சரியாகச் சொல்லலாம். ரேடியாலஜிஸ்டுக்கும் நோயாளிக்கும் பொருள் தரும் எண் இதுதான். புதிய மென்பொருளை விற்க வருபவர் திட்ட விலக்கப் படத்தை மட்டும் காட்டினால், இந்த எண்ணைக் கேளுங்கள்.

எம்ஆர்ஐ பற்றிச் சுருக்கமாக. அங்கே காற்றுப் பகுதியில் வட்டம் போட்டு இரைச்சல் எடுத்து, 0.655-ஆல் சரிசெய்யும் பழைய வழி ஒற்றைக் காயிலுக்குத்தான் (சிக்னலைப் பிடிக்கும் சுருள்) பொருந்தும். பல காயில்களைக் கொண்டு வேகமாக எடுக்கும் பேரலல் இமேஜிங் போட்டவுடன் இரைச்சல் இடத்துக்கு இடம் மாறும். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. காற்றில் அளந்தது உறுப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டு படம் எடுத்துக் கழித்து, திட்ட விலக்கத்தை 1.41-ஆல் வகுப்பதே நம்பகம். ஃபேன்டத்தை மேசையில் வைத்தவுடன் எடுக்காதீர்கள். உள்ளே திரவம் சுழன்றுகொண்டிருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் எம்ஆர்ஐ ஃபேன்டத்தில் குறைந்த வேறுபாட்டு வட்டங்கள் 1.4, 2.5, 3.6, 5.1 சதவீதம் என்று நான்கு ஸ்லைஸில் இருக்கும். அந்த வேறுபாடு மெல்லிய பிளாஸ்டிக் தாளின் தடிமனிலிருந்து வருவது. ஸ்லைஸ் சற்றே நகர்ந்து தாள் பாதி வெளியே போனால் வட்டங்கள் மங்கிவிடும். மதிப்பெண் குறைந்தவுடன் காயிலைச் சந்தேகிப்பதற்கு முன் ஸ்லைஸ் இடத்தைச் சரிபாருங்கள்.

கடைசிக் கண்ணி: திரை

மேலே சொன்ன அத்தனையும் சரியாக இருந்து, படம் வெயில் விழும் ஜன்னலோரத் திரையில் பார்க்கப்பட்டால் உழைப்பு வீண். மருத்துவத் திரைகள் டைகாம் என்ற மருத்துவப் படத் தரநிலையின் பகுதி 14-இல் உள்ள சாம்பல் அளவுக் கோட்டைப் பின்பற்றுகின்றன. பார்ட்டனின் கண் மாதிரியின்படி, கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய ஒளி வேறுபாட்டை ஒரு படியாக வைத்து, சதுர மீட்டருக்கு 0.05-லிருந்து சுமார் 4000 கேண்டெலா வரை 1023 படிகளாகப் பிரித்த கோடு அது. கறுப்புப் பகுதியிலும் வெள்ளைப் பகுதியிலும் ஒரே அளவு எண் மாற்றம் கண்ணுக்கு ஒரே அளவு மாற்றமாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அலுவலகக் கணினித் திரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறுந்தகட்டில் எழுதிக் கொடுத்த படத்தை வீட்டு மடிக்கணினியில் திறந்து ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று குடும்பத்தினர் சொல்வதில் வியப்பில்லை.

அறை ஒளி என்ன செய்யும் என்று பாருங்கள். திரையின் உச்ச ஒளி சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா, அடி ஒளி 1. விகிதம் 350. விளக்கையும் திரைச்சீலையையும் அப்படியே விட்ட அறையில் 400 லக்ஸ் விழுந்து, கண்ணாடி அதில் 4 கேண்டெலாவைத் திருப்பி அனுப்பினால் உச்சம் 354, அடி 5; விகிதம் 71-க்கு விழுந்துவிடும். கெட்டது கருமைப் பகுதி. அதாவது நுரையீரல் உச்சியும், மார்பகப் படத்தின் கொழுப்புப் பகுதியும். படிக்கும் அறைக்கு 25 முதல் 50 லக்ஸ் போதும் என்று சொல்வது அதனால்தான். நில நடுக்கோட்டை ஒட்டிய ஊரில் பகல் வெளிச்சம் ஆண்டு முழுக்க ஒரே மூர்க்கத்தோடு வரும். கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கட்டடங்களில் திரைச்சீலைதான் முதல் தரக்கட்டுப்பாட்டுக் கருவி.

தினமும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. திரையை அரை மணி நேரம் சூடாக விடுங்கள், மென்துணியால் விரல் ரேகைகளைத் துடையுங்கள், டிஜி18-க்யூசி என்ற சோதனைப் படத்தைத் திறங்கள். கறுப்புக்குள் இருக்கும் 5 சதவீதச் சதுரமும் வெள்ளைக்குள் இருக்கும் 95 சதவீதச் சதுரமும் இரண்டும் தெரிய வேண்டும். கறுப்புப் பட்டையிலும் சாம்பல் பட்டையிலும் வெள்ளைப் பட்டையிலும் மங்கிக்கொண்டே போகும் எழுத்துகளில் எதுவரை படிக்க முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். வழக்கமாக 11 எழுத்து படிப்பவர் இன்று கறுப்பில் 8-தான் படித்தார் என்றால், ஒளிமானியை எடுக்கும் முன் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். 11-க்குத் திரும்பினால் குற்றவாளி அறை. திரும்பவில்லை என்றால் திரை.

சிங்கப்பூரில் எக்ஸ்ரே கருவிக்கான உரிமத்தைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தருகிறது. 2007-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அடிப்படை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை விகிதம் 1.24-லிருந்து 1.09-க்கு இறங்கியதை எந்தச் சட்டமும் பார்த்துச் சொல்லாது. 1.0-க்கு மேல்தானே இருக்கிறது, தேர்ச்சிதானே என்று விடக்கூடாது. தேர்ச்சி எல்லையைவிடத் தன் பழைய எண்ணிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே முன்கூட்டி எச்சரிக்கும். கருவி வந்து நிறுவியவுடன் பத்து நாள் தொடர்ந்து அளந்து, சராசரியையும் அது வழக்கமாக ஆடும் அளவையும் குறித்து வைத்துக்கொண்டால், 1.09 என்பது அன்றாட ஆட்டமா, உண்மையான சரிவா என்று ஒரே பார்வையில் தெரியும்.

பதிவேட்டில் எண்ணோடு கேவி, எம்ஏஎஸ், ஸ்லைஸ் தடிமன், கெர்னலின் பெயர், இரைச்சல் நீக்கத்தின் நிலை, மென்பொருள் பதிப்பு, அளந்தவரின் பெயர், அறை வெப்பநிலை எல்லாம் ஒரே வரியில் இருக்கட்டும். இரவில் ஏர்கான் அணைத்த அறையில், காலையில் வெப்பம் நிலைப்படும் முன் அளந்த டிடெக்டர் எண்ணை மதிய எண்ணோடு ஒப்பிட முடியாது. மென்பொருள் மேம்பாடு வருகிறது என்று தெரிந்தால், முந்தின நாள் மாலை ஒருமுறை ஃபேன்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். மறுநாள் காலை முதல் நோயாளியை அழைப்பதற்கு முன் அதே ஃபேன்டம், அதே இடம், அதே புரோட்டோகாலில் இன்னொருமுறை. இரண்டுக்கும் கச்சாத் தரவைச் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது ‘கல்லீரல் படம் முன்னே மாதிரி இல்லையே’ என்றால், அந்த இரண்டு கோப்புகளைத் திறந்து பதில் சொல்லிவிடலாம்.